ஒன்பது ஆண்டுகள் ஓடிய கடல்நீர் மீன்தொட்டி: வாங்கியதும் மீட்டதும்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், அண்ணா நகரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து, நான்கடி நீளமுள்ள கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை 40,000 ரூபாய்க்கு வாங்கினேன். கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர், நீரைக் குளிர்விக்கும் சில்லர், விளக்கு, மோட்டார்கள், கற்கள், இரண்டு கோமாளி மீன்கள் ஆகியவையும் அந்த விலைக்குள் அடங்கும். அவர் முதலில் கேட்டது 55,000. இதே அளவில் புதிதாகச் செய்து வாங்கினால் 1,20,000 ரூபாய் வரை ஆகும் என்று இரண்டு கடைகளில் சொல்லியிருந்ததால், விலை மலிவு என்றே அன்று நினைத்தேன். அதன் பிறகு தொட்டியை மீட்டெடுக்க 34,000 ரூபாயும் மூன்று மாதங்களும் செலவாயின. பதினொரு மாதப் பயன்பாட்டுக்குப் பின், அந்தத் தொகுப்பில் எது விலைக்குத் தகுந்தது, எது தகாதது என்பதைப் பொருள் பொருளாகப் பதிவு செய்கிறேன். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல்நீருக்கு மாற நினைக்கும்போது பழைய தொட்டிகளைத்தான் பெரும்பாலும் முதலில் தேடுகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

வாங்குவதற்கு முன் நான் சரியாகச் செய்த ஒரு காரியம், தொட்டி நீரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரில் போய்ப் பார்த்தது. கழுவித் துடைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் தொட்டி எதையும் சொல்லாது. ஓடும் தொட்டியில் மோட்டாரின் இரைச்சல் கேட்கும், ஸ்கிம்மர் நுரை தள்ளுகிறதா என்று தெரியும், சில்லர் குளிர்விக்கிறதா என்று வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம். செம்புக்கான பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றிருந்தேன். கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பது வழக்கம். அதைத் தனித் தொட்டியில் கொடுக்காமல் பெரிய தொட்டியிலேயே ஊற்றிவிட்டால், சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லும் மணலும் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு நீண்ட காலம் நீரில் கசியவிடும். இறாலும் நத்தையும் அந்த நீரில் பிழைக்க மாட்டா. விற்றவர், "மருந்து எல்லாம் தனி பக்கெட்டுலதான் சார் குடுப்பேன், இதுல ஒரு சொட்டு விட்டதில்ல" என்று சொன்னார். சோதனையும் அவர் சொன்னதையே காட்டியது. ஒன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் உப்பளவையும் வெப்பத்தையும் குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்தையும் அவர் கொடுத்தார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

ஆனால் தொட்டியில் இருந்த அனைத்தையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கற்களுக்கு நடுவே வெள்ளைப் பவள எலும்புகள் நான்கைந்து அலங்காரமாக வைக்கப்பட்டிருந்தன. பாறை கட்டும் பவளங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, கடற்குதிரையும் அவ்வாறே. உயிரோடு இருந்தாலும் உலர்ந்த எலும்பாக இருந்தாலும், அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். பழைய தொட்டி வாங்குவோர் பலர் இதை அறியாமலேயே சட்டத்தை மீறுகிறார்கள். இதைச் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்திருக்கும் பவளப் பாறைகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பாறைகள் முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டி எடுக்கப்பட்டவை. அங்கே எஞ்சியிருப்பதிலிருந்து ஒரு துண்டுகூட என் வீட்டு ஹாலுக்கு வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவற்றை வனத்துறையிடம் ஒப்படைக்குமாறு விற்றவரிடம் சொன்னேன்; அவரும் ஒப்புக்கொண்டார். சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த செயற்கைக் கற்கள் 25 கிலோ இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் தொட்டி மீன்களுக்கான தொட்டி. பவளம் வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மீன்கள் இரண்டும் பண்ணையில் பிறந்தவை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வதில் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பல ஆண்டுகளுக்கு முன்பே வெற்றி கண்டுவிட்டன. எனவே இந்த மீனுக்காகக் கடலில் வலை வீசவேண்டிய தேவை இல்லை. தொட்டியைச் சரிசெய்யும்வரை இரண்டையும் 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், பழைய சம்ப்பிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சோடும் ஒரு மண் பூந்தொட்டியோடும் வைத்திருந்தேன். அந்த ஸ்பாஞ்சில் குடியிருந்த, கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள்தான் மூன்று மாதமும் அவற்றைக் காப்பாற்றின. அதனால் வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ விடாமல், தொட்டி நீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுவர வேண்டும்.

மணலை ஒரு பிடிகூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கிளறப்படாத மணலின் அடியில் ஆக்சிஜன் புகாத கறுப்பு அடுக்கு உருவாகியிருக்கும். அதைக் கிளறும்போது அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். அது மீனைக் கொல்லும் நஞ்சு. மீன்களை முதலில் வெளியேற்றி, நீரில் முக்கால் பங்கை இறக்கி, அதன் பிறகே மணலை அள்ளினோம். அள்ளும்போது வந்த வாடையில் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டியதாயிற்று.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். தொட்டி 122 சென்டிமீட்டர் நீளம், 51 அகலம், 51 உயரம். கண்ணாடியின் கனம் 12 மில்லிமீட்டர். காலியாக இருக்கும்போதே அது 70 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி, குட்டி யானை வண்டியில் பழைய மெத்தையை விரித்து, அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலிலேயே, ரசமட்டம் பார்த்துச் சமமாக்கிய பலகையின்மேல் வைத்துப் பாதியளவு தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டேன். காலையில் பின்பக்க மூலையில் அடியில் வைத்திருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. கசிவு மிகச் சிறியது. ஆனால் அந்த ஒரு மூலைதான் முழு மீட்புப் பணியின் திசையையும் மாற்றியது.

தொட்டி வேலையில் பழகாத ஒருவர், உட்புறம் இன்னொரு வரி சிலிகான் இழுத்துவிட்டால் போதும் என்று கூறினார். கொளத்தூரில் மீன்தொட்டிகள் செய்யும் கண்ணாடி வேலைக்காரர் ஒருவர் அதைக் கேட்டு மறுத்தார். "பழைய சிலிகான் மேல புது சிலிகான் ஒட்டாது சார். ஒண்ணு முழுசாப் பிரிச்சு ஒட்டணும், இல்லன்னா தொடாம விட்டுடணும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இறுகிவிட்ட சிலிகானின் பரப்பில் புதிய சிலிகான் உறுதியாகப் பற்றாது. பார்வைக்கு மூடியதுபோலத் தெரிந்தாலும், நீரின் அழுத்தம் அதற்குப் பின்னாலுள்ள பழைய பிளவின் வழியாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அந்த அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதால், பாதியளவு நீருக்கே கசிந்த மூலை முழு நீருக்கு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

அவர் மெல்லிய கம்பியால் ஒவ்வொரு இணைப்பையும் அறுத்து ஐந்து கண்ணாடிகளையும் பிரித்தார். பிளேடால் பழைய சிலிகானைச் சுரண்டி, விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மீண்டும் கட்டினார். பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானையே பயன்படுத்த வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கப்படும் சிலிகானில் அந்த மருந்து இருப்பதுண்டு. அது மீனுக்கு ஆகாது. மருந்து கலக்காத சிலிகான் அவரிடம் முன்பே இருந்தது. இரண்டு நாள் வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகு ஏழு நாள் தொட்டியைத் தொடவே கூடாது என்றார். நான் பத்து நாள் விட்டேன். வினிகர் போன்ற வாடை முழுவதும் அடங்கிய பிறகு, மூன்று கட்டமாக நீரை ஏற்றி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. இந்த முழு அனுபவத்தில் மிகத் திருத்தமான சேவை என்று நான் கூறுவது இவருடைய வேலையைத்தான். கண்ணாடியில் இருந்த நுண்ணிய கீறல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் அவை தெரியும். கண்ணாடிக் கீறலை வீட்டில் தேய்த்துப் போக்குவது நடக்கிற காரியமன்று. வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்து, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருந்த ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி வினிகரில் ஊறவைத்த துணிக்கும் பிளேடுக்கும் இணங்கிவிட்டது. பழைய மரத் தாங்கி மட்டும் பயனற்றது. உப்புநீர் பட்டுப் பட்டு ஒட்டுப்பலகை அடியில் உப்பிப் பிளந்திருந்தது. சதுர இரும்புக் குழாயில் புதிதாகச் செய்து எபாக்ஸி வண்ணம் பூசினேன். நீர், கண்ணாடி, கல், சம்ப், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 550 கிலோ அளவுக்கு வருகிறது. நமது வீடுகளின் அறைத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான சுமைக்கே வழக்கமாக வடிவமைக்கப்படுகிறது; ஆனால் தொட்டியின் சுமை முழுவதும் முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது. தரைத்தளத்தில் வைத்தால் கவலை இல்லை. என் வீடு முதல் மாடி என்பதால், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அடியில் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தேன்.

கற்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் நாள்களில் பெரும்பகுதியை அவைதான் எடுத்துக்கொண்டன. வெளிப்பார்வைக்கு அவை நல்ல கற்கள். காய்ந்த பாசியையும் புழுக்கூடுகளையும் தேய்த்து நீக்கி, ப்ளீச் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட்டால் குளோரினை முறித்து, வெயிலில் உலர்த்தினேன். இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகளை வற்புறுத்திச் சொல்கிறேன். ப்ளீச்சும் வினிகரும், அல்லது வேறு எந்த அமிலமும், ஒரே வாளியில் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மேலும், கடல் தொட்டியின் பழைய கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. கல்லில் ஒட்டி வாழும் பொத்தான் வடிவ மென்னுயிர்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும் நீராவியோடு அது மூச்சில் கலந்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகின் பல இடங்களில் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே தேய்க்க வேண்டும்.

இவ்வளவு சுத்தம் செய்த கற்களைப் புதிய உப்புநீர் நிறைந்த டிரம்மில் ஒரு வாரம் போட்டு, ஹன்னா நிறுவனத்தின் சிறு கருவியால் பாஸ்பேட் அளவைப் பார்த்தபோது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் காட்டியது. 0.1-க்குக் கீழே இருக்க வேண்டியது அது. காரணம் எளிது. ஒன்பது ஆண்டுகளாக மீன் உணவிலும் கழிவிலும் இருந்து வந்த பாஸ்பேட் முழுவதும், கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட்டின் பரப்பில் ஒட்டிப் படிந்திருக்கிறது. ப்ளீச் உயிர்ப்பொருளைச் சிதைக்குமே தவிர, இந்தப் படிவைத் தொடாது. நீரில் பாஸ்பேட் குறையும்போதெல்லாம் கல் தன் சேமிப்பிலிருந்து மீண்டும் விடுவிக்கும்; நீரை எத்தனை முறை மாற்றினாலும் அளவு திரும்ப ஏறும். பழைய கல்லைக் கழுவி உடனே தொட்டியில் அடுக்கியவர்கள், மாதக்கணக்கில் முடிப்பாசியோடு போராடி மனம் சோர்ந்துவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தொட்டிக்கு வெளியே, டிரம்மிலேயே, லாந்தனம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உருவாகும் வெண்ணிறத் துகளை நுண்துளை வடிகட்டிப் பையால் பிடித்து, வாரம் ஒரு முறை அளந்துவந்தேன். ஐந்து வாரங்களில் 0.08-க்கு இறங்கியது. மீன் இருக்கும் தொட்டியில் இதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. லாந்தனம் மீனின் செவுளுக்குத் தீங்கு செய்யக்கூடியது. மருந்து, உப்பு, மின்சாரம் எல்லாம் கணக்கிட்டால் இந்தக் கற்களுக்காக நான் செலவழித்தது 5,000 ரூபாயைத் தாண்டும். அந்தத் தொகைக்குப் புதிய உலர் கற்களில் பாதியளவாவது வாங்கியிருக்கலாம். எனவே பழைய தொட்டியோடு வரும் கல்லுக்கு விலை என்று எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஸ்கிம்மர் இதற்கு நேர்மாறு. நீரில் கரைந்திருக்கும் கரிமக் கழிவை, அது அழுகி அம்மோனியாவாக மாறுமுன்பே, நுண்குமிழிகளின் பரப்பில் ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் கருவி இது. கடல்நீரில்தான் குமிழிகள் மிகச் சிறியனவாக நிலைத்து நிற்கும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் இதற்கு வேலை இல்லை. வாங்கியபோது பாதிக் குமிழிகூட வரவில்லை. கழற்றிப் பார்த்தால், காற்று உறிஞ்சும் மெல்லிய குழாயை உப்புக் கட்டி அடைத்திருந்தது. காற்றை நுண்குமிழிகளாக உடைக்கும் ஊசிச்சக்கரத்தின் மேல் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வெந்நீரும் ஓர் இரவு வினிகரும் அதைப் புதுக்கருவியாக மாற்றிவிட்டன. ரப்பர் வளையங்களுக்கு மட்டும் 150 ரூபாய் ஆயிற்று. உடையாத பிளாஸ்டிக் உடலும் சுழலும் மோட்டாரும் இருந்தால், பழைய ஸ்கிம்மரைத் தயங்காமல் வாங்கலாம்.

சம்ப்பில் ஒரு வடிவக் குறை இருந்தது. மின்சாரம் நின்றவுடன், மேல் தொட்டியின் நீர், சம்ப்பிலிருந்து அதற்கு நீர் திரும்பும் குழாயின் வாய் மட்டம் வரை சைஃபன் முறையில் சம்ப்புக்குள் இறங்கும். மூன்று சென்டிமீட்டர் இறங்கினால்கூட இந்தத் தொட்டியில் அது 17 லிட்டருக்கு மேல். பழைய அமைப்பில் குழாயின் வாய் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. விற்றவர் திரும்பா வால்வு ஒன்றை மட்டும் நம்பியிருந்தார். அந்த வால்வில் ஒரு நத்தை ஓடு சிக்கினாலும் அது மூடாது. குழாயின் வாயை உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே காற்றுப் புகச் சிறு துளை ஒன்றையும் இட்டேன். மின்சாரத்தை நானே நிறுத்திப் பார்த்து, சம்ப்பில் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டுவைத்திருக்கிறேன். பழைய மின்பலகை உப்பால் பச்சை பூத்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சோடு புதிதாக அமைத்தேன். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடத்தில் இதைச் சிக்கனப்படுத்தக் கூடாது.

தண்ணீருக்கு மெரினாவிலிருந்து கடல்நீரே கொண்டுவரலாமே என்று பலர் கேட்டார்கள். நகரக் கழிவு கலக்கும் முகத்துவாரங்களுக்கு அருகிலுள்ள நீரை நான் நம்பவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பளவும் குறைந்துவிடும். மேலும், கரை மணலையும் நீரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவற்றோடு என்ன வருகிறது என்பது தெரியாது. கடையில் வாங்கிய உப்புக் கலவையை ஆர்ஓ நீரில் கரைத்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஆர்ஓ கருவி, குடிப்பதற்குச் சுவையாக இருக்க வேண்டும் என்று வடிகட்டாத நீரில் சிறிதளவை மீண்டும் கலந்து தருகிறது. என் வீட்டுக் கருவியின் நீரில் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு, 70 இருந்தது. அந்தக் கலப்பு வால்வை மூடி, அயனி நீக்கும் ரெசின் குப்பி ஒன்றையும் இணைத்த பிறகே பூச்சியத்துக்கு வந்தது. சம்ப்போடு சேர்த்து ஓடும் நீர் ஏறக்குறைய 320 லிட்டர். அதற்கு 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு தேவைப்பட்டது. உப்பளவு ஆயிரத்துக்கு 35, அதாவது 25 பாகையில் ஒப்படர்த்தி 1.026 என்ற அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுவதும் மோட்டாரால் கலக்கவிட்டேன். விற்றவர் கொடுத்த, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 அளவுள்ள திட்டக் கரைசலுக்கு 32 என்று காட்டியது. சரிசெய்யாமல் அதை நம்பியிருந்தால், உப்பை அளவுக்கு மீறிக் கொட்டியிருப்பேன்.

பிறகு, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகும்வரை காத்திருப்பு. ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு, நம் ஊர் வழக்கில் நவச்சாரம், இரண்டு கிராம் கரைத்தால் இந்த அளவு நீரில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிறது. பிளாஸ்டிக் தொட்டியிலிருந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி சம்ப்பில் போட்டேன். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போகும் நிலை 26 ஆம் நாள் வந்தது. மீன்களை விட்டது அக்டோபர் 2 ஆம் வாரத்தில். 60 லிட்டரில் மூன்று மாதம் பூந்தொட்டியை விட்டு அகலாமல் இருந்த இரண்டும், பெரிய தொட்டியிலும் அதே பூந்தொட்டியைத் தேடிப் போய் நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாள் பட்ட பாடு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. மார்ச் மாதம் அந்தப் பூந்தொட்டியின் உட்சுவரில் செம்மஞ்சள் நிற முட்டைகள் இருந்தன. ஆண்மீன் ஒரு வாரம் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய நுண்ணுயிர் வளர்ப்பு என்னிடம் இல்லாததால் அவை பிழைக்கவில்லை. அடுத்த முறைக்காக இப்போது ரோட்டிஃபர் வளர்க்கப் பழகிவருகிறேன்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 54 வாட் டி5 குழல்கள் நான்கு கொண்ட பழைய சட்டம். குழல்களின் நிறம் மாறிவிட்டது, இணைப்பு முனைகள் துருவேறிவிட்டன. மீன்களுக்கு மட்டும் இவ்வளவு வெளிச்சம் தேவையும் இல்லை. சாதாரண எல்இடி ஒன்று போட்டேன்.

சில்லரை மட்டும் மே மாதம் கடந்த பிறகே மதிப்பிட முடிந்தது. சென்னை வெயிலில் மூடிய வீட்டுக்குள் தொட்டி நீர் 33 பாகையைத் தொட்டுவிடும். கடல் மீனுக்கு 25 முதல் 27 வரை வேண்டும். நீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும் என்பதால், ஆபத்து இரட்டிப்பாகிறது. குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சிறு விசிறிகள் போதும் என்று நினைத்தேன். ஒரு லிட்டர் ஆவியாகும்போது 320 லிட்டர் நீரை ஏறக்குறைய 1.8 பாகை குளிர்விக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்கில் இது அருமையான வழி. ஆனால் கடற்கரை ஊரின் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், புழுக்கமான நாள்களில் விசிறி எதிர்பார்த்த அளவு குளிர்விப்பதில்லை. விசிறி ஓடும் நாள்களில் ஐந்து லிட்டர் வரை ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை, ஆகவே ஈடுசெய்ய ஊற்றுவது உப்பில்லாத ஆர்ஓ நீராக இருக்க வேண்டும். மிதவை வால்வு வைத்த வாளி ஒன்று இதைத் தானாகச் செய்கிறது.

அக்கினி நட்சத்திர நாள்களில் சில்லர் இல்லாமல் முடியாது. வாங்கும்போது விற்றவர் வீட்டில், அரை மணி நேரத்தில் வெப்பம் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். இங்கே வந்த பின் ஏப்ரல் இறுதியில் அது தடுமாறியது. வாயு குறைந்திருக்கிறது என்று சொல்லி, அதை நிரப்ப 4,500 ரூபாய் கேட்டார் ஒரு பழுதுபார்ப்பவர். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் பின்புற வலைத்தகட்டைத் திறந்து பார்த்தேன். தூசியும் பூனை முடியும் கம்பளம்போல அடைத்திருந்தன. தூரிகையாலும் காற்றாலும் சுத்தம் செய்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, காற்று வெளியேறும் ஜன்னலுக்கு நேராக வைத்தேன். மே மாதம் முழுவதும் பிற்பகல் மூன்று மணிக்கு நான் குறித்த அதிகபட்ச அளவு 27.4 பாகை. மின்கட்டணம் மட்டும் இரண்டு மாதப் பட்டியலில் ஏறக்குறைய 1,900 ரூபாய் கூடியிருக்கிறது. மின்வெட்டு வரும்போது இன்வெர்ட்டரில் சில்லரை ஓட்ட முடியாது. ஒரு சிறு நீரோட்ட மோட்டாரும் பேட்டரியில் இயங்கும் காற்று மோட்டாரும் மட்டும் ஓடும்படி தனி இணைப்புக் கொடுத்திருக்கிறேன். அது நான்கு மணி நேரம் வரை தாங்குகிறது.

இதே தொகுப்பு இன்று மீண்டும் என் முன் வந்தால், கண்ணாடிக்கும் ஸ்கிம்மருக்கும் சில்லருக்கும் சேர்த்து 28,000 ரூபாய் கொடுப்பேன். கல், மணல், விளக்கு, தாங்கி, மின்பலகை ஆகியவற்றை எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.